கைத்துப்பாக்கியால் யானை, எருமை வேட்டை: உண்மையில் முடிகிற காரியமா?

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சான் ஒருவர் அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் இருக்கிறார். போன வருடம் ஒரு .44 மக்னம் ரிவோல்வர் வாங்கினார். அன்றிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாக வேட்டை வீடியோதான் வருகிறது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஆபிரிக்கக் காட்டில் எருமை ஒன்றை ரிவோல்வரால் சுட்டு விழுத்துகிறார். இன்னொன்றில் யானை. இப்போது மச்சானுக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த வருடம் தென்னாபிரிக்கா போய் எருமை சுடப் போகிறாராம்.

இங்கே இலங்கையில், திருகோணமலைப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் அலியன், அதாவது தந்தமில்லாத ஆண் யானை, வயலுக்குள் இறங்கினால் இருபது முப்பது பேர் ரோச் லைட்டும் யானை வெடியும் தகர டப்பாவுமாகத் திரண்டு போகிறோம். அப்படியும் அது தனக்கு மனம் வந்தால்தான் திரும்புகிறது. இவர் இடுப்பில் செருகுகிற சாமானை வைத்து யானையை விழுத்தலாம் என்கிறார். வீடியோக்கள் உண்மையா, செட்டப்பா? துவக்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வேட்டைக்காரன் இல்லை, குழுவில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சேனையூரான்

ஏன் முடியாது? எங்கே படுகிறது என்பதுதான் விஷயம், எதால் சுடுகிறோம் என்பது அடுத்தது. டபிள்யூ. டி. எம். பெல் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், கரமோஜோ பெல் என்பார்கள். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர். பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் றைபிளால்தான் சுட்டார். மற்றவர்கள் தூக்க முடியாத பீரங்கிகளைச் சுமந்து திரிந்த காலம் அது. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டார். சின்ன ரவை, சரியான இடம், யானை விழுந்தது. 7 மில்லிமீற்றர் போதுமென்றால் .44 தாராளம். அது கிட்டத்தட்ட 11 மில்லிமீற்றர். உங்கள் மச்சான் நன்றாகச் சுடப் பழகியிருந்தால் போகட்டும், விடுங்கள்.

நிலாவெளி_கனடா

தம்பி தம்பலகாமத்தான், வீடியோ உண்மைதான். சேனையூரான் சொன்ன பெல்லும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து அவர் போட்ட கணக்குத்தான் பிழை.

பெல்லின் 7 மில்லிமீற்றர் ரவையின் எடை ஏறத்தாழ 11 கிராம். .44 மக்னத்தின் வழக்கமான ரவை 15.5 கிராம். எடையை மட்டும் பார்த்தால் .44தான் பெரியது. ஆனால் பெல்லின் ரவை ஒல்லியாக, நீளமாக, முழுவதும் உலோக உறை போட்டது. வினாடிக்கு 700 மீற்றர் வேகத்தில் போகும். .44 ரவை கட்டையானது, தடித்தது, 430 மீற்றர் அளவில்தான் போகும். யானையின் மண்டை முழுக்கக் காற்றறைகள் நிறைந்த எலும்பு, மூளைக்கு முன்னால் ஒரு முழத்துக்கு மேல் அந்த எலும்புதான். நீளமான ரவை வளையாமல் நேரே உள்ளே போகும். கட்டையான ரவை பாதி வழியில் நின்றுவிடும், அல்லது திசை மாறும். மூளை எங்கே என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, ரவை அங்கே போய்ச் சேரவும் வேண்டும்.

கைத்துப்பாக்கிக்காரர்களுக்கும் இது தெரியும். .44 மக்னம் சந்தைக்கு வந்தது 1955 இன் இறுதியில். எல்மர் கீத் என்ற அமெரிக்கர் பல வருடங்கள் கம்பனிகளை நச்சரித்து வாங்கிய சாமான் அது. மான், கறுப்புக் கரடி அளவுக்கு அது சரி. அதற்கு மேல் போக ஆசைப்பட்டவர்கள் இன்னும் பெரிதாகச் செய்துகொண்டே போனார்கள். .454 கசுல் ரிவோல்வரை 1983 இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003 இல் ஸ்மித் அண்ட் வெசன் .500 வந்தது. அந்த .500 இன் நீளக் குழல் மாதிரி ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. சிலிண்டரில் ஐந்து ரவைதான் பிடிக்கும். இடுப்பில் செருகினால் காற்சட்டை இறங்கிவிடும்.

இனி சக்திக் கணக்கு. .44 மக்னம் 1,400 ஜூல் அளவு. .500 ரிவோல்வர் 3,500 முதல் 4,000 வரை. ஆபிரிக்காவில் எருமைக்குக் குறைந்தபட்சம் என்று எல்லோரும் வைத்திருக்கும் .375 எச் அண்ட் எச் றைபிள் 5,700 ஜூல். யானைக்கு எடுத்துப் போகும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 7,000 ஜூலைத் தொடும். சிம்பாப்வேயில் யானைக்கும் எருமைக்கும் 9.2 மில்லிமீற்றர் குழலும் 5.3 கிலோஜூல் சக்தியும் குறைந்தபட்சம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். உலகத்தில் விற்கிற மிகப் பெரிய ரிவோல்வர்களில் ஒன்று அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. மச்சானின் .44 அதில் காலடியிலும் இல்லை.

ஜூல் மட்டும் எல்லாம் இல்லை என்று யாராவது வருவார்கள். சரி, இல்லைத்தான். ஈயத்தைக் கடினமாக வார்த்த ரவை, மெதுவாகப் போனாலும் விரியாமல் ஆழமாகப் போகும். அதை வைத்துத்தான் இந்த ஆட்கள் எருமை சுடுகிறார்கள். ஜே. டி. ஜோன்ஸ், லாரி கெலி போன்றவர்கள் கைத்துப்பாக்கியால் யானையே சுட்டிருக்கிறார்கள். ஜோன்ஸ் பயன்படுத்தியது ரிவோல்வர்கூட இல்லை. கொன்டென்டர் என்ற ஒற்றை வெடிச் சாமான், 1967 இல் வந்தது. அதற்கு அவரே .375 ரவை ஒன்றை வடிவமைத்தார். சொல்லப்போனால் குழலைக் குட்டையாக்கி, பிடங்கைக் கழற்றிய றைபிள்.

வீடியோவில் காட்டாத ஆள் ஒருவர் இருக்கிறார். கமராவுக்குப் பின்னால், அல்லது சுடுபவரின் தோளுக்குப் பக்கத்தில், பெரிய இரட்டைக்குழல் றைபிளோடு தொழில்முறை வேட்டைக்காரர் நிற்பார். ரிவோல்வர் வெடித்த அடுத்த கணமே அவரும் தயார். மச்சானிடம் அந்த வீடியோவை ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை வெடிச் சத்தம், அதில் எது கனமாகக் கேட்கிறது என்று எண்ணட்டும்.

மூதூர் நானா

இவ்வளவு நேரமும் ஆபிரிக்கா அமெரிக்கா என்று போகிறீர்கள், நம் ஊரை யாரும் கேட்கவில்லை. எங்கள் வயல் அல்லைப் பக்கம். பெரும்போகத்தில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பரணில்தான் படுக்கை. சோமாவதிக் காட்டிலிருந்து மகாவலி கங்கைக் கரையோடு யானை ஆட்கள் வருவார்கள். முதலில் சத்தமே வராது. பெரிய உடம்பு, ஆனால் வரம்பில் கால் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. நெல்லைப் பிடுங்கி, வேரில் ஒட்டின சேற்றைத் தட்ட முன்னங்காலில் அடிக்கும், பட் பட் என்று. அந்தச் சத்தம் கேட்டால் ஆள் ஏற்கனவே உள்ளே வந்தாச்சு என்று அர்த்தம்.

வனஜீவராசிக்காரர்கள் தருகிற யானை வெடிதான் எங்களிடம் இருக்கிற ஆயுதம். முதல் வருடம் வெடிக்கு ஓடினார்கள். அடுத்த வருடம் நின்று பார்த்தார்கள். இப்போது சில பழைய ஆட்கள் வெடி விழுந்த பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் வந்து சாப்பிடுகிறார்கள்.

இந்த ரிவோல்வர் கதையை வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்விதான். சுட்டது விழவில்லை என்றால் அது எங்கே போகும்? அங்கே சுட்டவர் ஜீப்பில் ஏறிக் கூடாரத்துக்குப் போய்விடுவார். இங்கே என்றால் அடுத்த நாள் காலையில் அதே பாதையால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். மாடு சாய்க்கிறவன் போவான். தேன் எடுக்கிறவன் போவான். வெடி வைத்தவனை யானை தேடிப் போகாது. முன்னால் யார் வருகிறானோ அவன்தான்.

பழங்கோப்பு

நானா கேட்டதற்கு இந்த நாட்டில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் யானை பயிருக்கு எதிரி, அதைக் கொன்றால் அரசாங்கம் காசு தரும். 1848 க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேல் கொன்றார்கள் என்று அக்காலப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000. பதுளையில் இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஒருவரே 1,400 யானை சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. யானைகளின் சாபம் என்று சனம் கதை கட்டியது. கதையை விடுங்கள்.

துவக்கு விஷயத்துக்கு வருவோம். அதே காலத்தில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே எட்டு வருடம் அளவில் இருந்து வேட்டையாடினார். அவருடைய பெரிய துவக்கு ஒன்றின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அதன் ஈயக்குண்டு மூன்று அவுன்ஸ், 85 கிராம். நிலாவெளித் தம்பி சொன்ன .44 ரவை 15.5 கிராம். பேக்கர் அதை வைத்துக்கொண்டும் மிகக் கிட்டப் போய்த்தான் சுட்டார், அப்படியும் ஓடித் தப்ப வேண்டி வந்திருக்கிறது.

இன்னொன்று. இலங்கை யானையை முன்நெற்றியில், தும்பிக்கை தொடங்கும் இடத்துக்கு மேலே சுட்டுப் பழகிய மனிதர் அவர். பிறகு ஆபிரிக்கா போய் அதே வெடியை வைத்தபோது பலிக்கவில்லை. ஆபிரிக்க யானையின் தலையமைப்பே வேறு, நெற்றி சரிந்து கிடக்கும், மூளை இருக்கும் இடமும் எலும்பும் வேறு. பெரிய துவக்கு, ஆயுள் முழுக்க அனுபவம், அப்படியும் அந்த வெடி எடுபடவில்லை என்று அவரே எழுதினார். இணையத்தில் படம் பார்த்து இடம் படித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த வேட்டைக்கு லாபமும் இல்லை. இலங்கையில் ஆண் யானைகளில் கொம்பன் ஏழு சதவீதம் அளவுதான். மற்ற எல்லாம் வெறும் அலியன். தந்தமில்லாத யானையைச் சுட்டுக் காட்டிலேயே விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போனார்கள்.

சேனையூரான்

ஐயா, பழைய ஈயக்குண்டையும் கரிமருந்தையும் இன்றைய ரவையோடு ஒப்பிடுவது நியாயமா? நூற்றைம்பது வருடத்தில் மருந்தும் உலோகமும் எவ்வளவோ மாறிவிட்டது.

அதோடு அலாஸ்காவில் கரடி ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. டொம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் 2012 இல் வெளியிட்டது. கரடி தாக்கவந்தபோது துவக்கு பாவித்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு அது கைகொடுத்தது. றைபிள், சொட்கன் போன்ற நீளத் துவக்குக்காரர்களில் 76 சதவீதம். கைத்துப்பாக்கிதான் முன்னால் நிற்கிறது! பழுப்புக் கரடி என்ன பூனையா? இதற்கு என்ன சொல்லுகிறீர்கள் நிலாவெளி அண்ணை?

நிலாவெளி_கனடா

நல்ல கேள்வி. அந்த ஆய்வு எனக்குத் தெரியும், கரடி உள்ள காட்டில் வேலை செய்கிறவன் என்பதால் வாசிக்க வேண்டி வந்தது. அதில் கைத்துப்பாக்கிச் சம்பவங்கள் 37 தான். நீளத் துவக்குச் சம்பவங்கள் 229. இந்த 37 ஐ வைத்து எட்டுச் சதவீத வித்தியாசத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதைவிட முக்கியம், அங்கே கைகொடுத்தது என்றால் கரடி தாக்குதலை நிறுத்தியது என்று அர்த்தம். செத்தது என்றல்ல. சத்தத்துக்கே திரும்பிய கரடியும் அந்தக் கணக்கில் வரும். அதே ஆட்கள் 2008 இல் கரடி ஸ்பிரே பற்றிச் செய்த ஆய்வில் பழுப்புக் கரடிக்கு 92 சதவீதம் வந்தது. மிளகாய்த்தூள் மாதிரிச் சாமான். அதற்காக மிளகாய் ஸ்பிரே எடுத்துக்கொண்டு யாராவது எருமை வேட்டைக்குப் போவார்களா?

தற்காப்பு வேறு, வேட்டை வேறு. பாய்ந்து வருகிற மிருகத்தின் மனத்தை மாற்றினால் தற்காப்புக்குப் போதும். வேட்டையில் சும்மா மேய்கிற மிருகத்தை நீ தேடிப் போகிறாய். அது உன்னை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் அது உடனே, வேதனையில்லாமல் சாக வேண்டும். அந்தப் பொறுப்பு முழுக்க உன் தலையில். அதற்குக் குறைந்த சாமானை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போவதில் என்ன வீரம்?

இங்கே கனடாவில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடவே அனுமதியில்லை. 2022 ஒக்டோபரிலிருந்து சாதாரண ஆட்கள் புதிதாக வாங்கவும் முடியாது. நாங்கள் வேலைக்குப் போகும்போது இடுப்பில் இருப்பது ஸ்பிரேதான்.

குறிபார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோவில் அது சுலபமாகத் தெரியும். றைபிளில் பிடங்கு தோளில், கன்னம் பிடங்கில், இடக்கை குழலுக்குக் கீழே. மூன்று இடத்தில் தாங்கல். ரிவோல்வரில் நீட்டிய இரண்டு கை மட்டும்தான். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் இருக்கிற தூரம் ஒரு சாண் அளவு. கையில் ஒரு மில்லிமீற்றர் ஆடினால் ஐம்பது மீற்றரில் அது ஒரு சாண் அளவு விலகும். மூச்சு இரைக்கிறது, வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, எதிரே எழுநூறு கிலோ எருமை உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் .500 இன் உதை வேறு. முதல் வெடி போனதும் குழல் வானத்தைப் பார்க்கும். அதை இறக்கி இரண்டாவது வெடி வைப்பதற்குள் எருமை இருந்த இடத்தில் இராது. நன்கு சுடுகிறவர்கள்கூட முக்காலித் தாங்கல் வைத்து, ஐம்பது கஜத்துக்கு உள்ளேதான் சுடுவார்கள்.

குளக்கட்டு

நான் கால்நடைப் பக்கம் வேலை செய்தவன். துவக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் போதாத சாமானால் சுட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

கந்தளாய்ப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில் அலியன் ஒன்று நாட்கணக்காக நிற்கிறது என்று சொன்னார்கள். காலில் காயம் பட்ட யானை தண்ணீருக்குள் நிற்கும். தண்ணீர் பாரத்தைத் தாங்கும், வலி குறையும். வனஜீவராசி வைத்தியர் மயக்க ஊசி போட்டுக் கரைக்கு எடுத்தார். முன்னங்கால் முழங்காலுக்கு மேல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வெளியே பார்த்தால் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். யானைத் தோல் தடிப்பு, வெளியே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டிக்கொண்டு கிடக்கும். கத்தி வைத்ததும் வந்த மணத்துக்கு எங்களோடு நின்ற பொலிஸ்காரர் தள்ளிப் போய்விட்டார். வாளிக் கணக்கில் சீழ். வைத்தியர் கையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்தது இரண்டு இரும்புத் துண்டு. ஒன்று சைக்கிள் பெயறிங் குண்டு. இடியன் எனும் நாட்டுத் துவக்கில் போட்டு அடித்தது. யாரோ சேனைக்காரன் இருட்டில், பயத்தில், காலைப் பார்த்து அடித்திருக்கிறான்.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த யானை எத்தனை மாதம் அந்தக் காலோடு நடந்தது, அதற்குள் யார் யாரை விரட்டியது என்று யாருக்குத் தெரியும்? யானை பிழைக்கவில்லை.

இந்த நாட்டில் துவக்குச் சூடு யானைச் சாவுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஒரே வெடியில் விழுகிறவை குறைவு. உள்ளே ஈயமும் இரும்பும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாகிறவைதான் அதிகம். பூசணிக்காய்க்குள் வைக்கிற, கடித்தால் வாய்க்குள் வெடிக்கிற ஹக்கப்பட்டாஸ் இன்னும் மோசம். தாடை உடைந்து, சாப்பிட முடியாமல், பட்டினியால் சாகும். பன்றிக்கு வைத்தது என்பார்கள். குட்டிகள்தான் அதில் கூடுதலாக மாட்டும்.

சேனையூரான்

இதை வாசித்தபிறகு பேச ஒன்றுமில்லை. ஆனால் நான் சொன்னது நல்ல சாமானால் நன்றாகச் சுடுகிறவனைப் பற்றி. இடியன் துவக்கு வேறு கதை.

குளக்கட்டு

தம்பி, யானையின் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மட்டுறுத்துநர்

இடையில் வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இடியன் துவக்கு செய்யும் முறை, மிருகம் தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கு கட்டும் முறை, எந்தக் காட்டில் என்ன நிற்கிறது போன்ற விபரங்கள் இங்கே வேண்டாம். யானை, சிறுத்தை, கரடி, மரை எல்லாம் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறவை. தோட்டக்காரருக்குப் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் கிடைத்தால் அது சொட்கன்தான், மாவட்டச் செயலகம் ஊடாக. ரிவோல்வர், பிஸ்டல் பாதுகாப்பு அமைச்சு விஷயம், வேட்டைக்கு என்று யாருக்கும் தருவதில்லை. இனி தொடருங்கள்.

வெருகல்காரி

ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பப்பா காலத்தில் இங்கே வேட்டைக்குப் போனவர்கள் இருந்தார்கள், வேடர் குடும்பங்களும் இருந்தன, எங்கள் உறவிலும் உண்டு. மரை, மான், பன்றி, உடும்பு என்று போவார்கள். குழுமாடு என்கிற காட்டு எருமைக் கூட்டம் கண்டால் சுற்றிப் போய்விடுவார்கள். காயம்பட்ட குழுவனைப் போல ஆபத்து வேறு இல்லை என்று அப்பப்பா சொல்வார். அது ஓடுவது மாதிரி ஓடி, வளைந்து வந்து, தன் அடிப் பாதைக்குப் பக்கத்திலேயே பற்றைக்குள் நிற்குமாம். அடி பார்த்துக் குனிந்து வருகிறவனைப் பக்கவாட்டில் வந்து தூக்கும். ஆபிரிக்க எருமையைப் பற்றியும் அங்கே இதையேதான் சொல்கிறார்கள் என்று பின்னாளில் வாசித்தேன். எருமைக்கு எருமை, ஒரே புத்தி போல.

வேட்டை என்றால் அவர்களுக்குச் சாப்பாடு. வீட்டுக்கு இறைச்சி வரவேண்டும், ஆளும் வரவேண்டும். கடினமான வழியைத் தேடிப் போவதற்கு அவர்களுக்கு நேரமில்லை. விளையாட்டுக்குப் போகிறவருக்குத்தான் ரிவோல்வர் போதும்.

திருகோணமலைக் கோட்டை வாசலில் புள்ளிமான் சனத்தோடு சனமாக நின்று வாழைப்பழத் தோல் சாப்பிடுகிறது. உங்கள் மச்சானுக்கு அதைச் சுட்டு... வேண்டாம், பகிடிக்கும் வேண்டாம். படம் எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். முதலில் கோபம். அப்புறம் ஹெட்போன் போட்டு வீடியோவைக் கேட்டிருக்கிறார். ரிவோல்வர் ஒரு வெடி, அதற்குள்ளேயே இரண்டு கனத்த வெடி கேட்கிறது என்று அவரே எழுதினார். மற்ற வீடியோவில் ரிவோல்வர் மட்டும்தானாம், ஆனால் எருமை விழுவதற்கு முன்னால் படம் வெட்டப்பட்டிருக்கிறது. நிலாவெளி அண்ணை, போவது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். பணமும் கட்டியாச்சு. என்ன சொல்லட்டும்?

நிலாவெளி_கனடா

பணம் கட்டியாச்சு என்றால் போகட்டும், தென்னாபிரிக்காவில் அது சட்டப்படியான வேட்டைதான். .44 ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அங்கேயே .375 வாடகைக்குக் கிடைக்கும். போகுமுன் டெக்சஸிலேயே ஒரு .375 எடுத்து, நின்றபடி, தாங்கல் கம்பில் வைத்து, கை பழகும்வரை சுடட்டும். மேசையில் வைத்துச் சுட்டுப் பழகிப் பயனில்லை, காட்டில் மேசை இல்லை. கூட வருகிற வேட்டைக்காரர் சுடாதே என்றால் சுடக்கூடாது. வெடி பட்ட எருமை பற்றைக்குள் போனால் பின்னால் போவது அவருடைய வேலை, மச்சானுடையது இல்லை. கைத்துப்பாக்கி ஆசை அடங்காவிட்டால் டெக்சஸில் காட்டுப்பன்றி மலிந்து கிடக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கும். .44 க்கு அது ஏற்ற சோடி.

மூதூர் நானா

எருமைக்கு எவ்வளவு கட்டினாராம்? பத்தாயிரம் டொலருக்குக் கிட்ட வரும் என்று மகன் தேடிச் சொன்னான். அடப்பாவி. அந்தக் காசுக்கு எங்கள் வயல் கண்டம் முழுக்க வேலி போடலாம். உங்கள் மச்சானுக்குச் சொல்லுங்கள், வேலிக்கு அவர் பேரையே வைக்கிறோம்.

தம்பலகாமத்தான்

நானா, குழுவில் அதையும் போட்டேன். சிரிப்புப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். மாமி மட்டும் "அவர் சொல்வது சரிதானே" என்று எழுதியிருக்கிறா.

குளக்கட்டு

நானா, வேலி போடுவதென்றால் பருவகால மின்வேலியைப் பாருங்கள். யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவின் ஆட்கள் வேறு மாவட்டங்களில் செய்து காட்டியது. காட்டு ஓரத்தில் போடாமல் வயலைச் சுற்றிப் போடுவது, கமக்காரர்களே பராமரிப்பது, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பது. யானை அரிதாளுக்கு வந்து போகட்டும், அதில் உங்களுக்கு நட்டமில்லை. மின் அடி கணநேரத் துடிப்புத்தான், சுரீர் என்று இருக்கும், ஆளும் சாகாது, யானையும் சாகாது. வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மூதூர் நானா

கமக்கார அமைப்பில் கதைத்துப் பார்க்கிறேன். போன முறை போட்ட வேலிக்கு பற்றரியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அது யானை இல்லை.

வெருகல்காரி

எங்கள் பக்கமும் அதே கதை. பற்றரியை இரவில் மட்டும் மாட்டி, காலையில் கழற்றி முறை போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. வேலி பற்றித் தனி இழை தொடங்குங்கள் நானா, என் அண்ணன் வேலிக்கு மின் துடிப்புக் கொடுக்கிற எனர்ஜைசர் திருத்துகிறவர், அவரையும் வரச் சொல்கிறேன்.